ஆர்மோனியப் பெட்டியில் அரிசி

ஓடைக்கு அக்கரையில் ஒரு வீடு இருந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைகழுவி அனுப்பப்பட்டவர்கள், சொந்தக்காரர்களும் கூட்டிப் போக வராதவர்கள், அங்கே படுத்துக் கிடந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டவர் எப்சிபாய் அம்மா. அந்த வீட்டுக்கு நிலபுலன் கிடையாது, வருமானமும் கிடையாது. பிடியரிசியில் ஓடிய வீடு அது.

பிடியரிசியைப் பற்றி அந்தப் பக்கத்துச் சபைப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, கர்த்தருக்கென்று தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். சுற்றுவட்டாரத்து ஊர்கள் முறை வைத்து, நாளுக்கு ஓர் ஊராக, அந்த அரிசியைக் கொண்டுவந்து கொடுத்தன. பல வீட்டு அரிசி ஒன்றாய்க் கலந்து வரும். ரேஷன் புழுங்கல், கடைப் பொன்னி, சிவப்பரிசி எல்லாம் ஒரே பானையில் வெந்தால் பாதி குழைந்துவிடும், பாதி விரைப்பாக நிற்கும்.

"இது சபைச் சோறு. எல்லா மாதிரியும்தான் இருக்கும்" என்பார் எப்சிபாய் அம்மா.

பொழுது சாயும் நேரத்தில் மிஞ்சியது எதுவானாலும், வெந்தது வேகாதது எல்லாம், அதே கரையில் இருந்த செங்கல் சூளைக் குடிசைகளுக்குப் போய்விடும். அடுத்த நாளைக்கென்று ஒரு மணி அரிசி வைப்பதில்லை. ஜெபத்தில் இன்றைக்கு உள்ளதைத்தானே கேட்கிறோம், கேட்காததை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்பது அம்மாவின் நியாயம்.

அந்த வீட்டுக்கு ஞானப்பூ சிஷ்யையாக வந்து சேர்ந்தபோது அவள் தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. எப்சிபாய் அம்மா அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஆகவே குரு சிஷ்யையை அக்கா என்றார், சிஷ்யை குருவை அம்மா என்றாள். கேட்கிறவர்களுக்குத்தான் முறை குழம்பியது.

சமையல் ஞானப்பூவின் பொறுப்பு. நன்றாகவே சமைப்பாள். ஒரு விஷயம்தான் அவளுக்கு ஆகாது. பானையின் அடியை யாராவது கரண்டியால் சுரண்டினால், எங்கிருந்தாலும் ஓடிவந்து கரண்டியைப் பிடுங்கிவிடுவாள்.

காரணம் உண்டு. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட ஒரு வருஷம், அவளுடைய சின்ன மகள் வெறும் பானையைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அழவில்லை. சுரண்டிக்கொண்டே இருந்தது. அந்த மகள் பிழைத்து வளர்ந்து இப்போது திருப்பூரில் குடும்பமாக இருக்கிறாள். ஆனால் அந்தச் சத்தம் ஞானப்பூவின் காதைவிட்டுப் போகவில்லை.

வந்த முதல் வாரத்திலேயே அவள் கேட்டாள்.

"அம்மா, நாளைக்கு அரிசி வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்தும் இதையேதான் கேட்டிய."

"நேத்தும் பயமாத்தான் இருந்துச்சு."

"இன்னைக்குச் சாப்பிட்டோமா?"

"சாப்பிட்டோம்."

"அப்ப நேத்துப் பயந்ததெல்லாம் வீணாப் போச்சே அக்கா" என்று சொல்லி அம்மா சிரித்தார். பிறகு, போகிற போக்கில், "நாளைக்குன்னு ஒளிச்சு வைக்கிறவங்களுக்கு இந்த வீடு ஒத்து வராதுக்கா" என்றும் சொன்னார்.

ஞானப்பூ மற்றதையெல்லாம் மறந்துவிட்டாள். இந்த ஒரு வார்த்தையை மட்டும் முடிந்துவைத்துக்கொண்டாள்.

ஏனென்றால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. மகள் வீடு ஒற்றை அறை. மருமகன் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டான், ஆனால் மாமியார் இருக்கும் நாளெல்லாம் செருப்பைக் கழற்றும் சத்தம் பலமாகக் கேட்கும். இங்கேயோ, வந்த மறுநாளே அம்மா தன் போர்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தினார். காலமெல்லாம் அவள் பிறருக்குப் போர்த்தியிருக்கிறாள். அவளுக்கு ஒருவர் போர்த்தியது அதுதான் முதல் தடவை. இந்த வீட்டிலேயே சாக வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாள்.

அப்படியிருந்தும் கை கேட்கவில்லை.

ஒருநாள் காலை உலைக்கு அரிசி அளந்தாள். நாற்பது வருஷப் பழக்கத்தில் கை தானாக ஒரு பிடியை அள்ளியது. அள்ளிய பிறகுதான் இங்கே பிடியரிசிப் பானையே கிடையாது என்று நினைவு வந்தது. வந்ததெல்லாம் பிடியரிசிதானே, அதிலிருந்து எங்கே பிடி எடுப்பது? திரும்பப் போட்டிருக்கலாம். போடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஜெப அறையின் மூலையில், யாரோ எப்போதோ கொடுத்த பழைய கால்மிதி ஆர்மோனியம் ஒன்று இருந்தது. துருத்தியை எலி கடித்துவிட்டதால் அது பாடுவதில்லை. பின்பக்கப் பலகையை நகர்த்தினால் உள்ளே ஒரு தகர டின் தாராளமாக நிற்கும். ஞானப்பூ அங்கே வைத்தாள். அதன்பிறகு ஒவ்வொரு சமையலுக்கும் ஒரு பிடி. வண்டு விழாமலிருக்கக் காய்ந்த மிளகாயும் போட்டுவைத்தாள்.

அவளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. நோயாளிகளின் வயிற்றிலிருந்து அவள் எடுக்கவில்லை. ஒளித்து வைத்த பிடிக்கு ஈடாகத் தன் தட்டில் ஒரு பிடி குறைத்துக்கொண்டாள்.

நாளாக ஆக மிளகாய் உள்ளேயே நொறுங்கியது. ஜெபவேளையில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தும்மத் தொடங்கினார்கள். ஸ்தோத்திரம் சொல்லும்போது தும்மல், ஆமென் சொல்லும்போது தும்மல். லாரி ஓட்டிக் காலை இழந்த தேவபிச்சை என்பவர் அங்கே இருந்தார். வாய்த்துடுக்கு மனுஷர்.

"இந்த மூலையில சாத்தான் இருக்கான். என்னைய ஜெபம் பண்ண விடமாட்டேங்கான்" என்றார் அவர்.

எப்சிபாய் அம்மா தன் பாயை எடுத்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வருஷம் இருந்து பார்த்தவர்கள், தொடர்ந்து இருக்க விரும்பினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் நிற்பார்கள். அம்மா, "கையில என்ன இருக்கு?" என்று கேட்பார். அவர்கள் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி, "நாளைக்கென்று ஒன்றுமில்லை" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதன்பிறகு அது அவர்களுடைய வீடு.

ஞானப்பூவுக்குக் கார்த்திகை முதல் ஞாயிறு என்று முடிவானது. அதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. டின்னை எடுத்து ஓடையில் கொட்டிவிடலாம் என்று போவாள். பலகையில் கை வைத்ததும் காதுக்குள் அந்தப் பிள்ளை பானையைச் சுரண்டும். திரும்பி வந்துவிடுவாள்.

அந்த ஞாயிறு வருவதற்கு முன் மழை வந்தது.

மழையென்றால் சாதாரண மழை இல்லை. வியாழக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் ஓடைப்பாலத்தைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் ஓடியது. அம்மா வழக்கம்போல மிச்ச அரிசியைச் சூளைக்குக் கொடுத்தனுப்பக் கூடையில் எடுத்துவைத்தார்.

ஞானப்பூ கூடையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு ஒருநாள் வேண்டாம்மா. வானத்தைப் பாருங்க."

"அவங்களுக்கும் அதே வானம்தானேக்கா" என்றார் அம்மா. கூடை போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பாலத்தைக் காணவில்லை. முறைக்காரப் பெண்கள் எதிர்க்கரை வரைக்கும் வந்து, தலையில் அரிசிச் சாக்கோடு மழையில் நின்று பார்த்தார்கள். கையை ஆட்டினார்கள். இங்கிருந்து அம்மாவும் கையை ஆட்டினார். நடுவில் தண்ணீர் சுழித்து ஓடியது. அன்றைக்குத் தோட்டத்து மரச்சீனிக் கிழங்கைப் பிடுங்கி அவித்தார்கள். ஞானப்பூ தன் பங்கைத் தேவபிச்சைக்குக் கொடுத்துவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லி, ஜெப அறையில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தாள்.

எட்டிப்பிடிக்கிற தூரத்தில் அரிசி இருந்தது. அவள் தொடவில்லை. இதைவிட மோசமான நாள் ஒன்று வரும் என்று அவள் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. ஒளித்து வைக்கிற மனசுக்கு எப்போதும் இதைவிட மோசமான நாள் ஒன்று பாக்கி இருக்கும். எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயமும் இருந்தது. எது பெரிய பயம் என்று அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் சூளைக்காரர்கள் வந்தார்கள். குடிசைகளை ஓடை கொண்டுபோய்விட்டது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாகப் பிள்ளைகளோடு, நனைந்த கோழிகளைப்போல வாசலில் நின்றார்கள். அம்மா எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு, இருக்கிற துணியையெல்லாம் எடுத்துத் துவட்டக் கொடுத்தார். கடைசி மரச்சீனித் துண்டுகளையும் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தார்.

பிறகு ஞானப்பூவிடம் வந்தார்.

"அக்கா, உலை வையுங்க."

"எதைப் போடம்மா?"

"முதல்ல தண்ணி கொதிக்கட்டும்."

அம்மா தட்டுகளை எடுத்தார். ஒவ்வொன்றாகத் துடைத்து, ஜெப அறையில் உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்கு முன்னாலும் சூளைக்காரர்களுக்கு முன்னாலும் வைத்தார். எல்லாருக்கும் வைத்துவிட்டுத் தானும் ஒரு தட்டோடு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம் சொன்னார். அது நீளமான ஜெபமாக இருந்தது. தேவபிச்சைகூட வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஞானப்பூ அடுப்படியில் நின்றாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஜெப அறையில் அம்மாவின் குரல் கேட்டது. அதற்கு நடுவே இன்னொரு சத்தமும் கேட்டது.

சூளைக்காரப் பெண் பிள்ளை ஒன்று கிழங்குப் பானையை மடியில் வைத்துக்கொண்டு, அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அழவில்லை.

ஞானப்பூ கரண்டியைப் பிடுங்கப் போகவில்லை. நேரே ஜெப அறைக்குள் போனாள். அத்தனை பேருக்கும் நடுவில் ஆர்மோனியத்தின் பின்பலகையைக் கழற்றினாள். டின்னை வெளியே இழுத்தாள். மூடியைத் திறந்ததும் பக்கத்திலிருந்த நாலைந்து பேர் ஒரே நேரத்தில் தும்மினார்கள்.

அம்மா கண்ணைத் திறந்தார்.

"நான்தான் வச்சேன்" என்றாள் ஞானப்பூ. "வந்ததுலருந்து வைக்கேன். தினமும் வச்சேன்." நின்ற இடத்திலேயே அழுதாள். அவமானத்தால் அழுதாளா, பாரம் இறங்கியதால் அழுதாளா என்று கேட்டால் இரண்டும்தான்.

தேவபிச்சைதான் முதலில் வாய் திறந்தார்.

"இந்தப் பெட்டி இத்தனை நாளா ஏன் பாடலன்னு இப்பல்ல தெரியுது. வாய் நிறைய அரிசி!"

சூளைக்காரப் பிள்ளைகள் முதலில் சிரித்தன. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அம்மா எழுந்து வந்து டின்னின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "வாங்கக்கா, தண்ணி வத்துது" என்றார்.

மிளகாயைப் பொறுக்கி, வண்டைப் புடைத்து, களைந்து போட்டார்கள். பல நாள் அரிசி, பல ஊர் அரிசி. வழக்கம்போலப் பாதி குழைந்தது, பாதி விரைப்பாக நின்றது. கொஞ்சம் காரமாகவும் இருந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள். பானையைச் சுரண்டிய பிள்ளை சாப்பிட்டு முடித்து, தட்டைப் பிடித்தபடியே ஞானப்பூவின் மடியில் தூங்கிப்போனது.

மறுநாள் கார்த்திகை முதல் ஞாயிறு. மழை விட்டிருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் கயிறு கட்டி, எதிர்க்கரைப் பெண்கள் அரிசியோடு வந்து சேர்ந்தார்கள். ஆராதனைக்கு ஆள் கூடியது. ஞானப்பூவைக் காணவில்லை.

அம்மா தேடிக்கொண்டு போனார். அடுப்படிக்குப் பின்னால், துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கக்கா கிளம்பிட்டிய?"

"மக வீட்டுக்கு."

"பாலம் இல்லையே."

"கயிறு இருக்குல்லா."

அம்மா அவளுக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்தார்.

"நீங்கதானே சொன்னிய, ஒளிச்சு வைக்கிறவளுக்கு இந்த வீடு ஒத்து வராதுன்னு" என்றாள் ஞானப்பூ.

"சொன்னேன். ஒத்து வந்துச்சா? ஒருநாளாவது நிம்மதியாத் தூங்குனியளா?"

"இல்லம்மா."

"அதத்தான் சொன்னேன்."

ஞானப்பூ மூட்டையின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"நானும் தும்முனேன்லா. பாய எதுக்கு ஜன்னல் பக்கம் போட்டேன்?"

"அப்ப நேத்து உலை வைக்கச் சொன்னது விசுவாசத்துலயா, அரிசி இருக்குன்னு தெரிஞ்சதாலயா?"

"அரிசி இருக்குன்னு தெரியும். நீங்க எடுத்துட்டு வருவியளான்னு தெரியாது. அதுக்குத்தான் அவ்வளவு நேரம் ஜெபம் பண்ணினேன்."

"எடுத்துட்டு வரலன்னா?"

"இன்னும் கொஞ்சம் நேரம் பண்ணியிருப்பேன். தண்ணிதான் வத்தியிருக்கும்."

ஞானப்பூவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மூட்டையைக் கீழே வைத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"என்னால கைய நீட்ட முடியாதும்மா. பொய்யாப் போயிரும். இன்னைக்குக் காலையிலயும் அரிசி அளந்தேன். அவ்வளவு நடந்தும், கை பிடி அள்ளத்தான் போச்சு. கர்த்தர் வாக்கு மாறமாட்டார்னு வாய் சொல்லுது. கை நம்பமாட்டேங்கு. நேத்து அத்தனை பேர் சாப்பிட்டதும் என் அவிசுவாசத்தைத்தான். இப்படிப்பட்டவளை வச்சுக்கிட்டு நீங்க என்ன செய்வீங்க?"

வெளியே ஆராதனைக்கு வந்தவர்கள் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். முருங்கைமரக் கிளையில் நனைந்த காகம் ஒன்று உட்கார்ந்து, அடுப்படி வாசலில் காயவைத்திருந்த டின்னை எட்டி எட்டிப் பார்த்தது. அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, வேதத்துல, பஞ்ச காலத்துல எலியா தீர்க்கதரிசிக்கு அப்பம் யாரு கொண்டு போனா?"

"காகம்."

"எத்தனை நாள்?"

"ஓடை வத்துற வரைக்கும். காலையிலயும் சாயங்காலமும்."

"அது என்ன விசுவாசமுள்ள பறவையா?"

"காகமா? திருட்டுப் பறவைல்லாம்மா. எது கிடைச்சாலும் எங்கயாவது கொண்டுபோய் ஒளிச்சு வைக்கும்."

"பசிச்சிருக்குமா அதுக்கு?"

"பஞ்சத்துல பசிக்காம இருக்குமா?"

அம்மா எழுந்து, சேலையில் ஒட்டிய ஈரமண்ணைத் தட்டிவிட்டு, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கிவிட்டார். அந்தக் கைகளில் இன்னும் மிளகாய் வாசனை அடித்தது. அம்மாவுக்குத் தும்மல் வந்தது. தும்மி முடித்துவிட்டுச் சொன்னார்.

"வழியில தின்னாம கொண்டுவந்து குடுத்துச்சுல்லா. வாங்கக்கா, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."